கடைசி அலமாரிக்குப் போகிற வழி

1. உள்ளே வர வழியில்லாத கடை

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, கள்ளக்குறிச்சியில் இருந்த அந்தப் புத்தகக் கடைக்குள் வாடிக்கையாளர் நுழைய வழியே கிடையாது. ஷட்டரைத் தூக்கினால் வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு மர கவுன்டர். அந்தப் பக்கம் ரோடு, இந்தப் பக்கம் நாங்கள். ஜனங்கள் வெயிலில் நின்றுகொண்டு பேர் சொல்லிக் கேட்பார்கள். நாங்கள் உள்ளே போய், ஏணி போட்டு ஏறி, எடுத்து வந்து கவுன்டரில் போடுவோம். பில் போடுவோம். அடுத்த ஆள்.

ஜூன் சீசனுக்கு மட்டும் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். சீசன் முடிந்தது. யாரும் போகச் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்படியே என் இளமை முழுக்க அங்கே நின்றே கழிந்துபோனது. நின்றே என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு ஸ்டூல் வந்தது. அதற்குள் இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. இப்போதும் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எழுதச் சொன்னவர் ரியாஸ். பழைய முதலாளியின் மகன். கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார். "புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு ரேக் எப்டி அடுக்கறதுன்னு சொல்லிக் குடுக்க ஆள் இல்லக்கா. நீங்க எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும்" என்றார். ரேக் அடுக்குவதை எழுத உட்கார்ந்தால் வேறு என்னென்னவோ வந்து நிற்கிறது. வந்ததை எழுதுகிறேன். வேண்டாததை அவர் அடித்துக்கொள்ளட்டும்.

பழைய முதலாளி பேர் ஜமால் பாய். உளுந்தூர்பேட்டையில் அவர் குடும்பத்துக்குச் செருப்புக் கடை. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டபோது இவர் பங்குக்குக் கள்ளக்குறிச்சி புத்தகக் கடை வந்தது. அவருக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் இல்லை. ஆனால் ஜனம் எப்படிப் பொருள் வாங்கும் என்பது தெரியும். வந்த ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

"அமுதா, உள்ள ரூம்ல அடுக்கி வெச்சிருக்கியே, அதெல்லாம் இன்னா புக்கு?"

"சமையல், வைத்தியம், கதை, சட்டம்னு எல்லாம் கலந்து இருக்குது பாய்."

"ஒண்ணுகூட போவலியே, ஏன்?"

"யாரும் கேக்கல பாய்."

"இருக்கறதே தெரியாது. எப்டி கேப்பாங்க? செருப்பையே ஜனம் கால்ல போட்டு நடந்து பாத்துத்தான் வாங்குது. புக்க மட்டும் பேரச் சொல்லி வாங்கணுமா?"

அடுத்த வாரம் ஆசாரி வந்து கவுன்டரை உடைத்தார்.

2. தொடலாமா?

கவுன்டர் போய், வாசல் ஓரத்தில் ஒரு பில்லிங் மேஜை வந்தது. உள்ளே வரிசையாக ரேக். நடுவில் ஒரு தாழ்ந்த மேஜை. இனிமேல் ஜனம் அலைமோதும் என்று நினைத்தோம். வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பழகிப்போன இடம் அது. உள்ளே வாங்க என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். வந்த பிறகும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். களமருதூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் விவசாயப் புத்தகம் ஒன்றைக் காட்டி, "தொடலாமாம்மா?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. தொடலாம் என்று சொன்னதும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது எல்லாம் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

கையில் பை இருக்கிறவர்கள் புத்தகம் எடுக்க மாட்டார்கள். ஒரு கையில் கட்டைப் பை, இன்னொரு கையில் பிள்ளை. எந்தக் கையால் புரட்டுவது? ரேக்குக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை அடிக்கச் சொன்னேன். பையை அதில் வைத்தார்கள். கை காலியானதும் புத்தகம் தானாகக் கைக்குப் போனது. சமையல் புத்தகமும் கோலப் புத்தகமும் அந்தப் பலகை வந்த பிறகுதான் ஓடின.

கீழ்த் தட்டில் வைக்கிற புத்தகம் செத்துப்போகும். புடவை கட்டினவர்கள் கடையில் குனிய மாட்டார்கள். கீழே நோட்டு, மேப், சார்ட் ரோல் வைக்கலாம்.

புத்தகத்தின் முதுகு மட்டும் தெரிய நிறுத்தினால் அது படிக்கிறவர்களுக்கானது. அட்டை தெரிய வைத்தால்தான் மற்றவர்களுக்கும். எல்லாவற்றையும் அட்டை தெரிய வைக்க இடம் கிடையாது. ஆகவே வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும். அலுப்பு பார்த்தால் முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் நடக்கிற வழி. ரேக்குக்கும் ரேக்குக்கும் நடுவில் இரண்டு பேர் உரசாமல் போக இடம் விட வேண்டும். பெண்கள் புத்தகம் புரட்டும்போது பின்னால் யாராவது இடித்துக்கொண்டு போனால் உடனே மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதுவும் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் வாசலை ஒட்டி இருந்த கைடு ரேக்கில் கூட்டமாக நிற்பார்கள். அவர்கள் பேரில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களைத் தாண்டி உள்ளே வர எந்தப் பெண்ணும் தயங்குவாள். நான் பாயிடம் சொல்லி கைடு ரேக்கை உள்ளே நடுவுக்குத் தள்ளினேன். பரீட்சைக்காரர்கள் எங்கே வைத்தாலும் தேடிப் போவார்கள். வாசல் காலியானது. மலையில் வேலை பார்க்கிற டீச்சர்கள் சனிக்கிழமைகளில் வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி நேராக உள்ளே வர ஆரம்பித்தார்கள்.

3. கடைசி அலமாரி

பாய் ஒரு அலமாரியை மட்டும் பில்லிங் மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பெண்கள் நலம், தாம்பத்யம், குழந்தையின்மை, குடியை நிறுத்துவது, மனசு சம்பந்தமான வியாதி. எல்லாம் டாக்டர்கள் எழுதிய நல்ல புத்தகங்கள். "எல்லாருக்கும் வோணும் இது. கண்ணு முன்னால இருந்தா ஜல்தியா போவும்" என்பது அவர் கணக்கு. செருப்புக் கடையில் அது சரியாக இருந்திருக்கும்.

ஒன்றுகூடப் போகவில்லை. பில் போட நிற்கிறவர்கள் கண் அந்தப் பக்கம் போகும். போன வேகத்தில் திரும்பி வரும். பில் போடுகிற இடத்தில் ஊரே நிற்கிறது. எதிர் வீட்டுக்காரர் நிற்கிறார், பிள்ளையின் வாத்தியார் நிற்கிறார். அவர்கள் முன்னால் யார் கையை நீட்டுவார்கள்?

நான் அதைக் கடையின் கடைசிக்கு, சார்ட் ரோல் அடுக்கியிருந்த மூலைக்கு மாற்றினேன். முன்னால் ஒரு ரேக் மறைப்பாக நின்றது. அங்கே போகிறவர் சார்ட் வாங்கப் போகிறாரா, மேப் வாங்கப் போகிறாரா என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் செய்தேன். ஸ்கூல் புத்தகத்துக்குப் போடுகிற பிரவுன் அட்டையை இந்தப் புத்தகங்களுக்கும் போட்டுக் கொடுத்தேன். கேட்காமலே போடுவேன். எதுவும் பேச மாட்டேன்.

அந்த அலமாரி போனது. அமோகமாக என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிற்காமல் போனது. ஆர்டர் எடுக்க மாதா மாதம் வருகிற பப்ளிஷர் ரெப் பார்த்துவிட்டு, "கள்ளக்குறிச்சில இத்தன பேருக்கு இன்னா கவல சார்?" என்று சிரித்தார். பாய் சிரிக்கவில்லை.

அங்கே யாராவது நின்றால் நான் போக மாட்டேன். வேலைக்கு இருந்த மற்றப் பெண்களையும் விட மாட்டேன். "இன்னாம்மா வோணும்?" என்று ஒருத்தர் கேட்டால் போதும், எல்லாம் கெட்டுவிடும்.

அப்படி நின்றவர்களில் ஒரு பெண்ணை எனக்கு முகம் தெரியும். எலவனாசூர்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்கே தேவகி என்று எழுதுகிறேன், பேர் அது இல்லை. நாத்தனார் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க வருவாள். நோட்டை மேஜையில் எடுத்து வைத்துவிட்டுக் கடைசி அலமாரிக்குப் போவாள். ஒரே புத்தகம்தான். குழந்தையின்மை பற்றியது. விட்ட இடத்திலிருந்து படிப்பாள். பஸ் நேரம் வந்ததும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒரு தடவை பில் போடும்போது மெதுவாக, "வாங்கிக்கினு போனா அட்ட போட்டுத் தரேம்மா" என்றேன்.

"வோணாங்க்கா. எங்க வூட்ல என் பெட்டிய பிரிச்சிப் பாப்பாங்க" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்தப் புத்தகம் விற்றுப்போனால் உடனே வேறொரு பிரதி அதே இடத்தில் வைத்துவிடுவேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

4. டிவிப் பெட்டி

கடைக்குள் வழி விட்டால் திருடனும் வருவான். போட்டித் தேர்வு கைடு ஒன்று என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். சட்டைக்குள் சொருகிக்கொண்டு போனார்கள். பாதிப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பாய் பொறுத்துப் பார்த்துவிட்டு கேமரா வைத்தார்.

வைக்க வந்தவர் நான்கு மூலையிலும் மாட்டிவிட்டு, மானிட்டரை பில்லிங் மேஜையில் வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தப் பக்கம் ஏன்பா? நான்ல பாக்கணும்?" என்று பாய் கேட்டார்.

"நீங்க பாக்கறதவிட அவங்க பாக்கணும் பாய். தன்ன டிவில பாத்தான்னா தானா பயம் வந்துடும். எவ்ளோ கிளியர் பாருங்க. புக்கு பேரே படிக்கலாம்."

அவர் சொன்னது பொய் இல்லை. திருட்டு நின்றது. பாய்க்கு நிம்மதி. வேறொன்றும் நடந்தது, அது எனக்கு மட்டும் தெரிந்தது. உள்ளே வருகிறவர்கள் முதலில் டிவியில் தங்களைப் பார்த்தார்கள். முடியைச் சரி பண்ணிக்கொண்டார்கள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பிறகு எதற்கு வந்தார்களோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சும்மா புரட்டுவது குறைந்துபோனது. புரட்டாமல் எதுவும் கூடுதலாக விற்காது. பாயிடம் சொன்னேன். "திருட்டு நின்னுதா இல்லியா? ரெண்டும் வோணும்னா எப்டி?" என்றார்.

தேவகி கேமராவைக் கவனித்தாளா என்று தெரியாது. அவள் வழக்கம்போல் வந்தாள். மூலைக்குப் போனாள். அந்த மூலைக்கும் ஒரு கேமரா இருந்தது.

5. அந்தச் சனிக்கிழமை

ஆடித் தள்ளுபடி நேரம். தேவகியும் மாமியாரும் சேர்ந்து ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். மாமியார் ஜவுளிக் கடைக்குப் போக, இவள் நோட்டு வாங்க எங்கள் கடைக்கு வந்துவிட்டாள். ஜவுளிக் கடையில் கூட்டம் தாங்காமல் அந்த அம்மா சீக்கிரமே இங்கே வந்துவிட்டார். அவர் யார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

"மருமவ இங்கதான் இருக்கறேன்னா. செத்த உக்காந்துக்கறேன் பாய்" என்றார். பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். எதிரே டிவி.

"இது இன்னா, நாடகமா?"

"இல்லம்மா, நம்ம கடைதான். கேமரா வெச்சிருக்குது."

அந்த அம்மாவுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. "தோ பாருங்க, அந்தப் பையன் மூக்க நோண்டிக்கினு நிக்கறான்" என்று சிரித்தார். பாயும் சிரித்தார். நான் கொஞ்சம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து அட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"இது எங்க தேவகி மாதிரி இருக்குதே" என்றார் அந்த அம்மா.

நான் நிமிர்ந்தேன். டிவியில் கடைசி அலமாரி தெரிந்தது. மேலே 'தாம்பத்யம், குழந்தையின்மை' என்று நான் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி மாட்டிய பலகை, எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே அவள், கையில் புத்தகத்தோடு.

நான் எழுந்திருப்பதற்குள் அந்த அம்மா எழுந்து போய்விட்டார். இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் சத்தம் வந்துவிட்டது.

"நோட்டு வாங்கறேன்னு சொல்லிட்டு வந்து இங்க இன்னாத்தடி படிச்சிக்கினு நிக்கற?"

புத்தகத்தைப் பிடுங்கினார். திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார். ஆண்களுக்கு எடுக்க வேண்டிய பரிசோதனைகள் பற்றிய பக்கம் அது. அவருக்கு முகம் மாறிவிட்டது.

"எம்புள்ளைக்குக் கொறன்னு தேடிக்கினு இருக்கியா? புக்குல எழுதியிருக்குதா, எம்புள்ளைக்குத்தான் கொறன்னு?"

கைடு ரேக்கில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தேவகி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு, மெதுவான குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சி அத்த. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அவருக்குத்தான் இன்னும் ஒண்ணுகூட எடுக்கல."

அந்த அம்மா புத்தகத்தைத் தரையில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று பாயைப் பார்த்து, "குடும்பத்துப் பொம்பளைங்கள கெடுக்கறதுக்கா பாய் கடை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். டிவியில் நான்கு கட்டத்திலும் ஜனங்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண்தான் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி என் கையில் கொடுத்தாள். ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

அன்று சாயங்காலம் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ரேக்க எடுத்துடு அமுதா. அடுத்த வாட்டி ரெப் வர்றப்ப எல்லாத்தையும் ரிட்டர்ன் போட்டுடலாம். நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"ரேக் இன்னா பாய் பண்ணுச்சி? காட்டிக் குடுத்தது டிவி. அத உங்க பக்கம் திருப்பி வெச்சா போதும்."

"திருப்பி வெச்சா திருடன் வருவான்."

"வரட்டும் பாய்."

"கடை ஒனக்கா எனக்கா?"

அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. அந்த அம்மா கேட்ட கேள்வி அவரை அறுத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. சரி பாய் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். இனிமேல் வர வேண்டாம் என்றுகூட நினைத்தேன். காலையில் எழுந்து வழக்கம்போல் போனேன். வேறு எங்கே போவது?

நான் எடுப்பதற்கு முன்னாலேயே அந்த அலமாரி செத்துவிட்டது. சங்கதி ஊரில் பரவிவிட்டது. ஒரு ஆள்கூட அந்த மூலைக்குப் போகவில்லை. சார்ட் வாங்க வந்தவர்கள்கூட, "நீங்களே எடுத்துக்கினு வாங்கக்கா" என்று வாசலில் நின்றார்கள். திரும்பவும் பழைய கவுன்டர் கடை மாதிரி ஆகிவிட்டது.

6. கரண்ட்

ரெப் வருவதற்கு முன்னால் மூலையில் உட்கார்ந்து அந்த அலமாரிப் புத்தகங்களை எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெயில் நேரம், கடையில் ஆள் இல்லை. ஒருத்தர் வந்தார். நல்ல வெயிலில் காய்ந்த உடம்பு, தோளில் துண்டு. நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர் என்று பிறகு தெரிந்தது. பாயிடம் ஒரு பேனா கேட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். டிவியைப் பார்த்தார். பிறகு நான் இருந்த பக்கம் வந்தார்.

"அக்கா, இங்க கொஞ்ச நாள் முன்ன எங்கம்மா வந்து சத்தம் போட்டாங்களாமே."

நான் கையில் இருந்ததை வைத்தேன்.

"அந்த புக்கு இருக்குதா?"

"இருக்குது. தோ, பெட்டில."

அவர் பெட்டியைப் பார்த்தார். மறுபடி டிவி இருந்த பக்கம் திரும்பினார்.

"இங்க நின்னா அதுல தெரியுமா?"

"தெரியும் தம்பி."

"வர்றவங்க போறவங்க எல்லாம் பாப்பாங்க இல்ல?"

"ஆமா."

"அப்ப வோணாங்க்கா. இன்னொரு நாளு வரேன்." பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு திரும்பினார்.

இன்னொரு நாள் வர மாட்டார். இந்த மாதிரி ஒரு தடவை வாசல் ஏறுவதற்கே அவருக்கு எத்தனை நாள் ஆகியிருக்குமோ. எனக்கு அப்போது கோபமா, அலுப்பா என்று தெரியவில்லை. நான் எழுந்து பில்லிங் மேஜைக்குப் போனேன். கீழே குனிந்து டிவி பிளக்கைப் பிடுங்கினேன்.

டிவி இருண்டுவிட்டது. பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா, கரண்ட் போச்சா?"

"டிவிக்கு மட்டும் போச்சி பாய்."

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாய் ஃபேனைப் பார்த்தார். என் கையில் இருந்த ஒயரைப் பார்த்தார். வாசலுக்குப் போன அந்த ஆள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் பாய் பார்த்தார். என் வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். பாய் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார்.

"கரண்ட் வர்ற வரைக்கும் அவர உள்ள நெழல்ல இருக்கச் சொல்லு" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அவர் மூலைக்குப் போனார். நிற்கவில்லை, பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. இடையில் இரண்டு பேர் ஸ்கெட்ச் பேனா வாங்க வந்தார்கள், போனார்கள். பாய் டீ சொன்னார். மூன்று டீ. ஒன்றை உள்ளே கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னிடம் தந்தார். கொடுக்கப் போனபோது பார்த்தேன். கிழிந்த பக்கத்தை அவர் விரலால் ஒட்டிப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. புத்தகத்தை மேஜையில் வைத்தார். கிழியாத பிரதி தருகிறேன் என்றேன். இதுவே போதும் என்றார். நான் பழக்கத்தில் பிரவுன் அட்டையை எடுத்தேன்.

"அட்ட வோணாங்க்கா. வூட்ல அம்மா பாக்கட்டும்" என்றார்.

அவர் போன பிறகு பாய் பேப்பரை மடித்தார். எழுந்து வந்து, மானிட்டரைத் தூக்கி மேஜைக்கு உள்பக்கம், அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்.

"திருடன் எனக்குத் தெரிஞ்சா போதும். ஊருக்கு இன்னாத்துக்கு?" என்றார். பிறகு, "அந்தப் பொட்டிய பிரி" என்றார்.

அலமாரி திரும்ப உயிர் பிடிக்க ரொம்ப நாளானது. திருட்டும் கொஞ்சம் ஜாஸ்திதான் ஆனது. பாய் அதை என்னிடம் ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. திருட்டில் போனதும் விற்பனையில் கூடியதும் சரிக்குச் சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வியாபாரத்தில் இது லாபம் என்று சொல்லித் தர என்னிடம் கணக்கு இல்லை. ஜனங்கள் மறுபடி புரட்ட ஆரம்பித்தார்கள், அதை மட்டும் பார்த்தேன்.

7. எழுத்து பெருசா

நான் வேலையை விடுவதற்கு முந்தின மழைக்காலத்தில் தேவகி வந்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவளை நான் பார்க்கவேயில்லை. என்ன ஆனாளோ என்று நினைக்காத நாள் குறைவு. ஆனால் யாரிடம் கேட்பது? கேட்டால் அதுவே இன்னொரு பேச்சாகும்.

குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா? காலு எப்டி இருக்குது?"

"அது கெடக்குது. நீ நல்லா இருக்கியாம்மா?"

"சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கோம். அவருக்குத்தான் வைத்தியம். இன்னும் ஒண்ணும் ஆவல. பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க." அவள் இதைச் சுற்றிலும் பார்க்காமல், சாதாரணக் குரலில் சொன்னாள். "அத்ததான் கூட வருது. சோறு கட்டிக்கினு வருது. மொதல்ல ஒரு மாசம் யாரோடவும் பேசல. அப்புறம் ஒரு நாள் தானா பஸ் ஏறி உக்காந்துக்கிச்சி."

"சரிம்மா" என்றேன்.

"அங்க காலைல போனா சாயங்காலம் வரைக்கும் உக்காந்தே இருக்கணும்க்கா. பொழுதே போவல. படிக்க ஏதாச்சும் வோணும். எனக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு. அத்தைக்குக் கண்ணு சரியில்ல, எழுத்து பெருசா இருக்கணும்."

நானே எடுத்துக் கொடுத்திருக்கலாம். எழுத்து பெரிதாக இருக்கிற கதைப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் சொல்லவில்லை. "போய்ப் பாரும்மா. பையை அந்தப் பலகை மேல வெச்சிக்கோ" என்றேன்.

கடை நடுவில் இருந்த தாழ்ந்த மேஜைக்குப் போனாள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது. ஒவ்வொன்றாகத் திறந்து, கையை நீட்டித் தள்ளி வைத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாள். மாமியாருக்குத் தெரிகிற தூரம் எதுவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சிலவற்றில் இரண்டு பக்கம் படித்துவிட்டு வைத்தாள். ஒன்றில் சிரித்துக்கொண்டாள். அவசரமே படவில்லை. வெளியே மழை வலுத்தது.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் வந்து, "அக்கா, அவங்க ரொம்ப நேரமா நிக்கறாங்க. போய் இன்னா வோணும்னு கேக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

ரியாஸ், புதுப் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று ஒரு மாதத்தில் அவர்களே கற்றுக்கொள்வார்கள். கடைக்குள் தாங்கள் எந்த இடத்தில் போய் நிற்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், எல்லோருக்கும் உட்கார ஸ்டூல் போடுங்கள்.